டீசல் டாங்கியில் 2டி ஆயில்: யாருக்கு, எதற்கு?

டீசல் வண்டி வைத்திருப்பவர் எவருக்கும் இந்த யோசனை ஒரு தடவையாவது கிடைத்திருக்கும்: "டாங்கி ஃபுல் பண்றப்போ கொஞ்சம் 2டி ஆயில் ஊத்திவிடுங்க. பம்ப்புக்கு நல்லது, சத்தமும் குறையும்." 2டி என்பது டூ ஸ்ட்ரோக் என்ஜினுக்கான ஆயில். இப்படிச் சொல்பவர் பெரும்பாலும் இருபது முப்பது வருடம் வண்டியோடு வாழ்ந்தவராக இருப்பார். குவாலிஸில் ஊட்டிக்கும் ராமேஸ்வரத்துக்கும் சவாரி போனவர், அல்லது சொந்த டிராக்டரில் ஊருக்கெல்லாம் உழவு ஓட்டியவர். அப்படிப்பட்டவர்கள் சொல்வதை நான் அலட்சியம் செய்வதில்லை. அவர்கள் வண்டியில் அந்தப் பழக்கத்துக்கு ஒரு நியாயம் இருந்தது. அதே பழக்கத்தை இப்போது 2020க்குப் பிறகு வாங்கிய புது வண்டியிலும் தொடர்கிறார்கள். எனக்குக் கவலை அங்கேதான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். "என்ஜினுக்கு லூப்ரிகேஷன்" என்று சொல்லித்தான் இதை ஊற்றுகிறார்கள். கிராங்க், பேரிங், கேம், வால்வு இவற்றுக்கெல்லாம் எண்ணெய் போவது சம்ப்பில் இருக்கும் என்ஜின் ஆயிலிலிருந்து. டீசல் டாங்கியில் எதைக் கலந்தாலும் அது பேரிங் பக்கம் எட்டிப் பார்க்காது, சிலிண்டரில் எரிந்து சைலன்சர் வழியாகப் போய்விடும். போகிற வழியில் அது தொட்டுச் செல்லும் இடங்கள் இரண்டுதான்: டீசல் பம்ப், நாசில். டீசலுக்கு வழவழப்பு வேண்டும் என்று பேசுவதெல்லாம் இந்த இரண்டு இடத்துக்காகத்தான்.

அந்த இரண்டு இடமும் லேசுப்பட்டவை அல்ல. பம்ப்பின் பிளஞ்சருக்கும் அது ஓடும் பேரலுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால் அது எவ்வளவு நுணுக்கமான வேலை என்று புரியும். அந்த இடைவெளியில் கிரீஸ் வைக்க முடியாது, வேறு எண்ணெய் அனுப்ப முடியாது. டீசலே எரிபொருள், டீசலே எண்ணெய்.

நாமக்கல் பக்கம் ஒரு பம்ப்-நாசில் கடையில் ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். லாரிப் பட்டறைகளுக்கு நடுவே இருக்கும் சின்னக் கடை. மற்ற பட்டறைகள் எல்லாம் கிரீஸும் மண்ணுமாக இருக்க, இந்தக் கடையில் மட்டும் தரை துடைத்து வைத்திருந்தது, மேசை மேல் வெள்ளைத் துணி விரித்திருந்தது. அங்கே வேலை பார்க்கும் பெரியவர் ஒரு நாசிலைக் கழற்றி, உள்ளே இருக்கும் ஊசியை உருவி, சுத்தமான டீசலில் முக்கி எடுத்தார். நாசில் பாடியைச் சாய்வாகப் பிடித்துக்கொண்டு, ஊசியை மூன்றில் ஒரு பங்கு வெளியே இழுத்து விட்டார். அது தன் எடையில் தானே மெதுவாக வழுக்கிக் கீழே போய் உட்கார்ந்தது. "இதுதானுங்க தம்பி பரிச்சை. தானா எறங்கோணும். தள்ளிவிட்டா எறங்குதுன்னா அது போச்சு. திடுதிடுன்னு உழுந்தாலும் போச்சு" என்றார்.

அடுத்து இன்னொன்றை எடுத்துக் காட்டினார். அந்த ஊசி பாதியில் நின்றுவிட்டது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், கண்ணாடி போல மின்ன வேண்டிய இடத்தில் நீளவாக்கில் மங்கலாக ஒரு பட்டை. விரலால் தடவினால் எதுவும் தெரியவில்லை. கண்ணுக்குத்தான் தெரிந்தது. "இதுக்கு என்னங்கய்யா காரணம், டீசல்ல பசை இல்லாததா?" என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "பசை அப்புறமுங்க. மொதல்ல தண்ணி. அதுக்கடுத்து தூசி. இங்க வர்றதுல முக்காவாசி அந்த ரெண்டுல வந்ததுதான்."

அவர் சொன்ன வரிசைக்குத் திரும்பி வருகிறேன். அதற்கு முன் பம்ப் வகைகளைப் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் 2டி ஆயில் கேள்விக்கான பதில் முக்கால்வாசி அதில்தான் இருக்கிறது.

பழைய டாடா, லேலண்ட் லாரிகளில் இருந்தது இன்லைன் பம்ப். நம் மெக்கானிக்குகள் மைக்கோ பம்ப் என்றே சொல்வார்கள். 1951இல் தொடங்கிய மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனியின் சுருக்கப் பெயர் அது, பின்னாளில் பாஷ் என்று மாறியது. இந்தப் பம்ப்பின் கேம் ஷாஃப்ட்டும் டேப்பட்டும் என்ஜின் ஆயிலில் ஓடும். பிளஞ்சர் மட்டும்தான் டீசலை நம்பி இருக்கும். அதனால் டீசல் கொஞ்சம் வறண்டு வந்தாலும் இது தாங்கிக்கொள்ளும். இப்படிப்பட்ட லாரியில் 2டி ஆயில் ஊற்றுவது வீண் செலவு, வேறொன்றுமில்லை.

அடுத்தது ரோட்டரி பம்ப். இண்டிகா, குவாலிஸ் காலத்து வண்டிகளில் இருந்தது இந்த வகை. பழைய டிராக்டர்கள், ஜென்செட்டுகள் பலவற்றில் டிபிஏ பம்ப் என்று பெயர் போட்டு வந்ததும் இதன் உறவுதான். இதற்குள் இருக்கும் ரோட்டார், கேம் ரிங், வேன் எல்லாமே டீசலில் மூழ்கிக் கிடக்கும். என்ஜின் ஆயில் ஒரு சொட்டு உள்ளே போகாது. டீசல் வறண்டால் முதலில் அடி வாங்குவது இதுதான்.

இது வெறும் ஊகம் இல்லை. 1991இல் ஸ்வீடன் நாடு வரிச் சலுகை கொடுத்து, கந்தகம் வெறும் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு) மட்டுமே உள்ள டீசலைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. காற்றுக்கு நல்லது, பம்ப்புக்குக் கேடாக முடிந்தது. ரோட்டரி பம்ப்புகள் சீக்கிரமே தேய்ந்து பழுதாகின. அப்போதுதான் உலகம் டீசலின் வழவழப்பை அளந்து பார்க்க ஒரு முறை வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்தது.

இங்கே பலரும் சொல்லும் ஒரு விஷயத்தைத் திருத்த வேண்டியிருக்கிறது. "கந்தகம்தான் வழவழப்பு கொடுத்தது, அதை எடுத்துட்டாங்க, பசை போயிருச்சு" என்பார்கள். கந்தகத்துக்கு இதில் பெரிய பங்கு கிடையாது. கந்தகத்தை எடுக்க ரிஃபைனரியில் டீசலை உயர் அழுத்தத்தில் ஹைட்ரஜனோடு சேர்த்து வினைபுரிய வைக்கிறார்கள். அந்த வேலையில் கந்தகத்தோடு சேர்ந்து, டீசலில் மிகக் குறைந்த அளவில் இயற்கையாகவே இருந்த வேறு சில சேர்மங்களும் போய்விடுகின்றன. ஆக்சிஜனும் நைட்ரஜனும் கொண்ட அந்தச் சேர்மங்கள்தான் உலோகத்தின் மேல் ஒட்டிக்கொண்டு ஒரு மெல்லிய படலமாக நின்றவை. கந்தகம் போனது ஒரு அடையாளம், உண்மையில் போனது அந்தப் படலம்.

நம் நாட்டிலும் இதே பாதைதான். 2000ஆம் ஆண்டு வாக்கில் 2500 பிபிஎம், பிஎஸ் (பாரத் ஸ்டேஜ்) 3இல் 350, பிஎஸ் 4இல் 50, 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பிஎஸ் 6, அதாவது 10 பிபிஎம். இந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் பலர் பயப்படுகிறார்கள். ஆனால் ரிஃபைனரிக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. எடுத்த பசைக்குப் பதிலாக, கொழுப்பு அமிலமோ அதன் எஸ்டரோ கொண்ட ஒரு மருந்தை அவர்களே கலந்துதான் டீசலை வெளியே அனுப்புகிறார்கள். பத்து லட்சத்தில் நூறு, இருநூறு பங்கு போதும். அதன் ஒரு முனை உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும், மறுமுனை டீசலோடு சேர்ந்திருக்கும். பழைய படலம் செய்த வேலையை இது செய்கிறது.

சரியாகச் செய்கிறதா என்று பார்க்கத்தான் அந்த அளவை முறை. 6 மில்லிமீட்டர் எஃகு உருண்டை ஒன்றை 200 கிராம் பாரத்தோடு ஒரு எஃகுத் தகட்டின் மேல் வைப்பார்கள். இரண்டும் 60 டிகிரி சூட்டில் டீசலில் மூழ்கியிருக்கும். உருண்டை ஒரு மில்லிமீட்டர் தூரத்துக்கு நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் தேயும், 75 நிமிடத்துக்கு. பிறகு உருண்டையை மைக்ராஸ்கோப்பில் வைத்து, தேய்ந்த வடுவின் விட்டத்தை மைக்ரானில் அளப்பார்கள். வடு சின்னதாக இருந்தால் டீசலுக்கு வழவழப்பு அதிகம். ஐரோப்பாவின் வரம்பு 460 மைக்ரான். நம் ஐஎஸ் 1460 தர நிர்ணயத்திலும் அதே 460தான். அமெரிக்காவில் 520 வரை விடுகிறார்கள். இந்த விஷயத்தில் நம் பங்க் டீசலுக்கு வைத்திருக்கும் வரம்பு அமெரிக்க வரம்பைவிடக் கடுமையானது.

இப்போது 2டி ஆயிலுக்கு வரலாம்.

அமெரிக்காவில் டீசல் பிக்கப் வண்டி வைத்திருக்கும் ஆர்வலர்கள் 2007இல் ஒரு பரிசோதனை செய்தார்கள். எந்த மருந்தும் கலக்காத டீசலை எடுத்து, கடையில் விற்கும் பலவித டீசல் மருந்துக் குப்பிகளையும், 2டி ஆயிலையும், ஓடிப் பழசான என்ஜின் ஆயிலையும், பயோடீசலையும் தனித்தனியாகக் கலந்து, சுயேச்சையான ஆய்வகம் ஒன்றில் இதே உருண்டைப் பரிசோதனைக்குக் கொடுத்தார்கள். வெறும் டீசலுக்கு வடு 636 மைக்ரான். 200 லிட்டருக்கு ஒரு லிட்டர் என்ற கணக்கில் 2டி ஆயில் கலந்தபோது 474. நூற்றுக்கு இரண்டு பங்கு சோயா பயோடீசல் கலந்தபோது 221. விலை கொடுத்து வாங்கிய சில குப்பிகள் வெறும் டீசலைவிட மோசமான எண் காட்டின. பழைய என்ஜின் ஆயில் கலந்ததில் வித்தியாசமே இல்லை.

ஒரே ஒரு பரிசோதனையை வைத்து உலகத்தையே அளக்க முடியாது. இந்த முறையில் பத்திருபது மைக்ரான் முன்னே பின்னே போவதும் சகஜம். ஆனாலும் அந்த எண்களைச் சற்று நேரம் பாருங்கள். 2டி ஆயில் பலன் தருகிறது என்பது உண்மை. 636ஐ 474க்குக் கொண்டுவந்திருக்கிறது. அதனால்தான் அந்தக் குவாலிஸ் ஓட்டுநர் சொன்னதைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நம் பங்க்கில் வரும் டீசல் ஏற்கெனவே 460க்குள் இருந்தாக வேண்டும். மருந்தே இல்லாத டீசலை 2டி ஆயில் எந்த இடத்துக்குக் கொண்டுவருகிறதோ, அதைவிடக் கொஞ்சம் நல்ல இடத்தில்தான் நம் டீசல் டாங்கிக்குள்ளேயே நுழைகிறது. உலோகத்தின் மேல் மருந்து ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும்போது அதன் மேல் இன்னொன்றை ஊற்றினால் மறுபடியும் 160 மைக்ரான் குறையும் என்று எதிர்பார்ப்பதில் அர்த்தமில்லை.

அப்படியானால் அந்தக் காலத்தில் ஏன் பலன் தெரிந்தது? இரண்டு காரணம் எனக்குத் தெரிகிறது.

ஒன்று, கலப்படம். ரேஷன் மண்ணெண்ணெய் விலை தரையிலும் டீசல் விலை மேலேயும் இருந்த வருடங்களில், நெடுஞ்சாலை ஓரத்தில் மலிவாகக் கிடைத்த டீசலில் என்ன இருந்தது என்பது ஓட்டுநர்களுக்குத் தெரியும். மண்ணெண்ணெய் டீசலைவிட நீர்த்தது, வழவழப்பும் குறைவு. அப்படிப்பட்ட டீசலில் ஓடிய ரோட்டரி பம்ப்புக்கு 2டி ஆயில் உண்மையிலேயே உதவியிருக்கும்.

இன்னொன்று, தேய்மானத்தை மறைத்தது. ரோட்டார் தேய்ந்த பம்ப்பில் என்ஜின் சூடாக இருக்கும்போது ஸ்டார்ட் ஆகாது. சூட்டில் டீசல் நீர்த்து, தேய்ந்த இடைவெளி வழியாகக் கசிந்து, அழுத்தம் ஏறாமல் போய்விடும். டீக்கடையில் வண்டியை நிறுத்தி, பம்ப் மேல் ஈரத்துணி போட்டு, பச்சைத் தண்ணீர் ஊற்றி ஸ்டார்ட் செய்த காட்சியைப் பழைய ஆட்கள் பார்த்திருப்பார்கள். அந்த நிலையில் இருக்கும் பம்ப்பில் கொஞ்சம் கனமான எண்ணெய் சேர்ந்தால் கசிவு குறையும், வண்டி கிளம்பும், சத்தமும் அடங்கியது போல இருக்கும். "ஊத்தினதும் சரியாயிருச்சு" என்பார்கள். பம்ப் சரியாகவில்லை. அதை மேசைக்கு அனுப்பும் நாள் தள்ளிப் போயிருக்கிறது.

ஆகவே பழைய ரோட்டரி பம்ப் வண்டி வைத்திருப்பவர்கள், போட்ட டீசலின் தரத்தில் சந்தேகம் இருக்கும்போது லிட்டருக்கு 5 மில்லி, அதாவது 40 லிட்டர் டாங்கிக்கு 200 மில்லி 2டி ஆயில் கலந்தால் நான் தடுக்கமாட்டேன். நல்ல தரமான, புகை குறைவான 2டி ஆயிலாக இருக்கட்டும். அதற்கு மேல் ஊற்ற வேண்டாம்.

பிஎஸ் 6 வண்டிக்கு வேறு கணக்கு.

இந்த வண்டிகளின் காமன் ரெயில் பம்ப் 1600 பாருக்கும் மேலே அழுத்தம் கொடுக்கிறது. நாசில் துளைகள் கண்ணுக்கே தெரியாத அளவு. ஒரு சுற்றில் நாசில் பலமுறை திறந்து மூடுகிறது. கார்களில் பெரும்பாலும் இந்தப் பம்ப்பும் டீசலை நம்பியேதான் ஓடுகிறது, அதனால் "இதுக்குத்தானே வழவழப்பு இன்னும் வேணும்" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பதில், அந்தப் பம்ப்பை வடிவமைத்தவர்கள் 460 மைக்ரான் டீசலை மனதில் வைத்துத்தான் வடிவமைத்தார்கள். அவர்கள் மனதில் வைக்காதது, டீசலோடு சேர்ந்து வரும் சாம்பல்.

சைலன்சர் பக்கம் இருக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி கரியைப் பிடித்து வைக்கும். கொஞ்சம் சேர்ந்ததும் 600 டிகிரி சூடேற்றி அதை எரித்துவிடும். கரி எரியும், சாம்பல் எரியாது. ஆயிலில் இருக்கும் கால்சியம், துத்தநாகம் போன்ற உலோகங்கள் சாம்பலாக அந்த வடிகட்டியிலேயே தங்கிவிடும். அது சேரச் சேர வடிகட்டியின் ஆயுள் குறையும். இதனால்தான் இந்த வண்டிகளுக்கென்றே சாம்பல் குறைந்த என்ஜின் ஆயில் போடச் சொல்கிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி 10,000 கிலோமீட்டருக்கு 667 லிட்டர் டீசல் குடிக்கும். 200க்கு ஒன்று என்றால் 3.3 லிட்டர் 2டி ஆயில் அதில் எரியும். ஜப்பானின் ஜாசோ தரத்தில் 2டி ஆயிலுக்குச் சாம்பல் வரம்பு 0.25 சதவீதம். அதிகபட்சமாகச் சுமார் 7 கிராம் சாம்பல். அதே தூரத்தில் என்ஜின் ஒரு லிட்டர் என்ஜின் ஆயிலை எரித்தாலும், 0.8 சதவீத வரம்பில் அதிலிருந்து வருவதும் ஏறக்குறைய அதே 7 கிராம்தான். ஆக, வடிகட்டியில் சேரும் சாம்பலை நாமே இரண்டு மடங்கு ஆக்குகிறோம். அந்த வடிகட்டியை மாற்ற ஆகும் செலவைச் சர்வீஸ் சென்டரில் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். வாரண்டி இருக்கும் வண்டியில் டீசலில் எதையாவது கலந்தது தெரிந்தால் அதுவும் கைவிட்டுப் போகலாம்.

ஓடிப் பழசான என்ஜின் ஆயிலை வடிகட்டி ஜென்செட் டாங்கியில் ஊற்றும் பழக்கமும் சில இடங்களில் இருக்கிறது. அதில் கரியும் உலோகத் துகளும் இருக்கும். மேலே சொன்ன பரிசோதனையில் அதனால் ஒரு பலனும் இல்லை. அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

எனக்கு உண்மையிலேயே ஆசை இருப்பது பயோடீசலில்தான். 221 என்ற அந்த எண் சும்மா வந்ததில்லை. தாவர எண்ணெயிலிருந்து செய்யும் எஸ்டர் இயல்பிலேயே உலோகத்தோடு ஒட்டும் குணம் கொண்டது, நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு கலந்தாலே போதும். நம் ஊர் ஏரிக்கரைகளில் அப்படி எண்ணெய் தரும் புங்க மரம் வரிசையாக நிற்கிறது. பயோடீசலுக்கென்று காட்டாமணக்கை நம்பி நட்டு ஏமாந்த விவசாயிகளும் இங்கே இருக்கிறார்கள். 2018இன் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, 2030க்குள் டீசலில் 5 சதவீதம் பயோடீசல் என்று இலக்கு வைத்தது. அது ஒழுங்காக நடந்தால் வழவழப்புப் பிரச்சினையே பேச்சில் இருக்காது. ஆனால் புங்க எண்ணெயை அப்படியே டாங்கியில் ஊற்றுவது வேறு. பதப்படுத்தாத எண்ணெய் டீசலைவிடப் பத்து மடங்குக்கு அருகே கெட்டியானது. நாசில் முனையில் கருகி உட்காரும். 1900 பாரிஸ் கண்காட்சியில் டீசல் என்ஜின் ஒன்று கடலை எண்ணெயில் ஓடியது உண்மைதான். அந்த என்ஜினின் நாசிலும் உங்கள் வண்டி நாசிலும் ஒன்றில்லை.

இப்போது நாமக்கல் பெரியவர் சொன்ன வரிசை. முதலில் தண்ணீர். தண்ணீர் புகுந்த இடத்தில் எந்தப் படலமும் நிற்காது, ஒரே ராத்திரியில் பிளஞ்சர் மேல் துருப் புள்ளி விழும். காலி டாங்கியில் காற்றின் ஈரம் குளிர்ந்து தண்ணீராகி அடியில் தங்கும். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் நிற்கும் ஜென்செட்டிலும் டிராக்டரிலும் இது நிச்சயம். டாங்கியை முக்கால்வாசிக்குக் குறையாமல் வைத்திருங்கள். டீசல் ஃபில்டரின் அடியில் ஒரு சின்னத் திருகு இருக்கும், அதைத் திறந்து ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்கும், டீசல் மேலே மிதக்கும். சுத்தமான டீசல் வரும்வரை விட்டு மூடுங்கள். டேங்கர் லாரி வந்து நிலத்தடித் தொட்டியில் இறக்கிக்கொண்டிருக்கும் பங்க்கில் அந்த நேரத்தில் டீசல் போடாதீர்கள், அடியில் கிடப்பதெல்லாம் கலங்கி மேலே வந்திருக்கும். ஃபில்டரைக் கையேட்டில் சொன்ன கிலோமீட்டரில் மாற்றுங்கள், அதுவும் நல்ல ஃபில்டராக. மலிவு ஃபில்டரின் காகிதம் விடுகிற தூசி, 2டி ஆயில் காப்பாற்றுவதைவிட அதிகம் கெடுக்கும்.

2டி ஆயிலுக்கு ஒதுக்கும் காசை ஃபில்டருக்குப் போடுங்கள். பிஎஸ் 6 வண்டியில் இன்னும் ஊற்றிக்கொண்டிருப்பவர்கள் இந்த டாங்கியோடு நிறுத்திவிடுங்கள்.